மாத்திரை தீர்ந்து மூன்று வாரம், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது

கிருஷ்ணகிரி மாவட்ட வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 31 வயது. பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம், வாக்கப்பட்டது காவேரிப்பட்டணம் பக்கம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஆறு வயதில் ஒரு மகள். சில வருடங்களுக்கு முன் இவருக்கு ஒரு கண்ணில் வலி வந்து பார்வை மங்கியது. சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. சில வாரங்களில் தானாகச் சரியானது. அடுத்த வருடம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நடை தடுமாறியது. பெங்களூருவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற வந்து வந்து தாக்கும் நரம்பு நோய் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து, தாக்குதல் வராமல் தடுக்க, தினம் ஒரு ஃபிங்கோலிமாட் மாத்திரை.

அதன்பிறகு பெரிய தாக்குதல் இல்லை. ஆனால் வெயில் காலத்தில் மதிய வகுப்பு எடுக்கும்போது அதே கண் மங்குகிறது, கால் இழுக்கிறது. பயந்துபோய் ஒருமுறை நர்சிங் ஹோமில் வற்புறுத்திக் கேட்டு ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார். சிறுநீரை அடக்க முடியாததால் பள்ளி நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை. மாமியாரோ, பென்னாகரத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் வந்த நோய் இது என்கிறார். கணவர் கேட்பது: "பாக்க நல்லாத்தானே இருக்கற, அப்பறம் ஏன் எப்பப் பாத்தாலும் படுத்துக்கற?" உறவினர் ஒருவர் எதிர்ப்பு சக்தி கூடும் என்று ஒரு லேகியம் கொடுத்திருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், இப்படி ஒரு வரி: "மாத்திரை தீர்ந்து மூணு வாரம் ஆச்சு சார், உடம்பு நல்லாத்தான் இருக்கு. சம்பளம் வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுக்கலாமா, இல்ல அப்படியே விட்டுட்டு ரெண்டாவது குழந்தைக்குப் பாக்கலாமா?"

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் ஒரு வாரம் கழித்துப் பேசினாலும் குடி முழுகாது. இதைத் தள்ளிப்போட முடியாது.

மாத்திரையை நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள்

நிறுத்தியது தப்பு என்று சொல்லும் டாக்டரே தொடங்கவும் கூடாது என்கிறாரே என்று குழம்புவீர்கள். காரணம் உண்டு. ஃபிங்கோலிமாட்டின் முதல் மாத்திரை இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். சிலருக்கு மிகவும் குறைத்துவிடும். அதனால்தான் முதல் நாள் உங்களை ஆறு மணி நேரம் உட்காரவைத்து, நாடியும் பிரஷரும் மணிக்கொருமுறை பார்த்து, இ.சி.ஜி. எடுத்து அனுப்பியிருப்பார்கள். சில நாட்கள் விழுங்கியதும் இதயம் அதற்குப் பழகிவிடும். முதல் மாதம் தாண்டியவர்கள் 14 நாட்களுக்கு மேல் விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. மறுபடி போடும் மாத்திரை, உடம்பைப் பொறுத்தவரை முதல் மாத்திரைதான். மூன்று வாரம் விட்ட நீங்கள் வீட்டில் ஓர் இரவு தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுப்பது பாதுகாப்பில்லை. தொடங்குவதானால் இ.சி.ஜி. வசதியும் கவனிக்க ஆளும் உள்ள இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

அப்படியே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. இந்த மருந்து வழிதவறிய வெள்ளணுக்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. நிறுத்தினால் அவை மெல்ல வெளியே வரும். மருந்தின் மிச்சம் உடம்பை விட்டு முழுதாகப் போக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இப்போது நன்றாக இருப்பது அந்த மிச்சத்தின் தயவாகவும் இருக்கலாம். சிலருக்கு மருந்தை நிறுத்திய சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள், மருந்து தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடக் கடுமையான தாக்குதல் வருகிறது. எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் அஞ்சுகிறோம்.

ஆகவே சம்பள நாள் வரை காத்திருக்காமல் உங்கள் நரம்பியல் மருத்துவருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய்வர ஒரு நாள் லீவும் சம்பளப் பிடித்தமும் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் போனில் பேசுங்கள். பிறகு எங்கே, எப்போது வரவேண்டும் என்று அவர் சொல்லட்டும். அவரிடம் மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எத்தனை நாள் விட்டீர்கள், எதனால் விட்டீர்கள், இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பது. மூன்றாவதைச் சொல்லாவிட்டால் அவர் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்துவிடுவார்.

பணம் தட்டுப்பட்டதால் நிறுத்தினேன் என்று டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். நோயாளிகள் "மறந்துட்டேன் சார்" என்று சொல்வதில் பாதி இந்தக் கூச்சம்தான் என்பது என் அனுபவம். காரணம் பணம் என்று தெரிந்தால் எங்களுக்கு வேறு வழிகள் உண்டு. இதே மருந்தில் கம்பெனிக்குக் கம்பெனி விலை வித்தியாசம் இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் முறையை இந்தியாவில் பல நரம்பியல் மருத்துவர்கள் எம்.எஸ்.ஸுக்குப் பயன்படுத்துகிறார்கள், வருடக் கணக்கில் பார்த்தால் பலருக்கு அது கட்டுப்படியாகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் அரசு மருத்துவமனையில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆரம்பத்தில் ஏ.க்யூ.பி.4 ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்களா? எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்று இன்னொரு நோய் இருக்கிறது. அதற்கு ஃபிங்கோலிமாட் ஆகாது, நோயைக் கூட்டிவிடும். பெரும்பாலும் செய்திருப்பார்கள். உங்கள் ஃபைலில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மதியம் மங்கும் கண்

இப்போது வெயில் விஷயம். எம்.எஸ். நோயில், நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை அரித்துவிடுகின்றன. தாக்குதல் ஓய்ந்ததும் உறை ஓரளவு மறுபடி வளர்கிறது, செய்தி போகிறது. ஆனால் அந்த இடம் பழையபடி கெட்டியாக இருப்பதில்லை. பங்சர் ஒட்டிய ட்யூப் மாதிரிதான்: காலையில் காற்று நிற்கும், ரோடு கொதிக்கும் மதியத்தில் ஒட்டு இளகிக் காட்டிக்கொடுக்கும். புதிதாக ஓட்டை விழவில்லை.

இதை 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதிவைத்தார். நடந்து உடம்பு சூடேறினால் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்கி, ஓய்வெடுத்தால் திரும்புவதை அவர் கண்டார். ஸ்கேன் இல்லாத காலத்தில் டாக்டர்கள் சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைக் கண்டுபிடித்ததும் உண்டு. உடம்பின் உட்சூடு அரை டிகிரி ஏறினாலே போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வகுப்பறையில் இரண்டரை மணிக்கு அது எளிதாக ஏறிவிடும். தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்ததும் "கண்ணுல புகை மாதிரி" இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதுதான். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

எது தாக்குதல், எது வெயிலின் வேலை என்று பிரிக்க நாங்கள் பார்ப்பது இது. புதிய தொந்தரவு, அல்லது பழையது தெளிவாக மோசமானது, 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருக்க வேண்டும். கூடவே காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கக் கூடாது. நிழலில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து, கழுத்தில் ஈரத்துண்டு போட்டு ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அது தாக்குதல் ஆகாது. நேற்று மதியம் வந்த மங்கல் இன்று மதியம் வரை விடாமல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவது, கால் விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது போன்றவற்றுக்கு 24 மணி நேரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போங்கள்.

நர்சிங் ஹோமில் ஏற்றிக்கொண்ட ஸ்டீராய்டு உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. உண்மையான தாக்குதலில்கூட, தினம் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றும் அந்த மருந்து குணமாவதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. அடுத்த தாக்குதலை அது தடுப்பதில்லை. வெயிலுக்கு ஏற்றிக்கொண்டால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் மட்டும் மிச்சம். கேட்டதும் கொடுத்தவர்கள் மேலும் எனக்கு வருத்தம்தான்.

தண்ணீரை நிறுத்துவது

டாய்லெட்டுக்குப் பயந்து காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைத் தமிழ்நாட்டு டீச்சர்கள் நிறையப் பேர் எம்.எஸ். இல்லாமலேயே செய்கிறார்கள். உங்கள் விஷயத்தில் இது இரட்டிப்பு ஆபத்து. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, பையை இன்னும் உறுத்தி, அவசரம் கூடும். தொற்று வரும். தொற்றினால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் உடம்பு சூடேறி, கால் இழுக்கும், கண் மங்கும். மறுபடி நோய் வந்துவிட்டதென்று நீங்கள் ஸ்டீராய்டு தேடிப் போவீர்கள். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகல் முழுவதும் குடியுங்கள், காபியைக் குறையுங்கள். அவசரம் வரும்வரை காத்திருக்காமல் இரண்டரை மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் போய்வாருங்கள். பீரியடுக்கு நடுவே அதற்கு நேரம் கிடைக்கும். போய்வந்த பிறகும் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஒரு ஸ்கேனில் பார்த்துவிட்டால் சிறுநீர் அவசரத்துக்கென்று தனி மாத்திரை தேவையா என்பது தெரிந்துவிடும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இதைப் பார்க்கலாம், பெங்களூரு போகவேண்டியதில்லை.

பென்னாகரத்துத் தண்ணீரும் லேகியமும்

மாமியார் சொல்வது அடியோடு கற்பனை இல்லை, அதனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உங்கள் பல்லில் உள்ள பழுப்புக் கறை அந்தத் தண்ணீருடையதாக இருக்கலாம். பல வருடம் மிக அதிகமாகக் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, முதுகெலும்புக் கால்வாய் குறுகி, தண்டுவடம் நசுங்கிக் கால் பலவீனமாவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களைப் பார்த்தவர் உங்கள் மாமியார். உங்கள் காலையும் அதோடு சேர்த்துவிட்டார்.

ஆனால் ஃப்ளோரைடு கண் நரம்பைத் தாக்கி மூன்று வாரத்தில் விட்டுவிட்டுப் போகாது. அது வருடக்கணக்கில் மெதுவாக ஏறும், வந்து வந்து போகாது, எக்ஸ்ரேயில் எலும்பே காட்டிக்கொடுக்கும். உங்கள் எம்.ஆர்.ஐ.யில் எலும்பு அழுத்தவில்லை, மூளையிலும் தண்டுவடத்திலும் புள்ளிகள் இருக்கின்றன. தண்ணீர் வேறு, இது வேறு.

லேகியத்தைப் பற்றி எனக்கு ஒரே கேள்வி: அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்குத் தெரியுமா? எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோய் இல்லை உங்களுடையது. உங்கள் எதிர்ப்பு சக்தி திசை தவறிவிட்டது, அதைக் கூட்டிவிடுவதில் லாபம் இல்லை. ஃபிங்கோலிமாட் போடுபவர்களுக்குக் கல்லீரல் அளவுகள் ஏறுவதுண்டு. பெயர் தெரியாத மருந்து சேர்ந்தால் எது காரணம் என்றே கண்டுபிடிக்க முடியாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், அவர் எழுதிக் கொடுத்ததை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பாட்டிலை மூடி வையுங்கள்.

இரண்டாவது குழந்தை

பெற்றுக்கொள்ளலாம். எம்.எஸ். இருப்பது கர்ப்பத்துக்குத் தடையில்லை. நிதானம் வேண்டியது மருந்து விஷயத்தில்.

ஃபிங்கோலிமாட் கருவுக்கு ஆகாது. நிறுத்திக் குறைந்தது இரண்டு மாதம் கழிந்த பிறகே கரு நிற்க வேண்டும். "மூணு வாரம் ஆச்சே" என்று இப்போதே முயற்சி செய்யாதீர்கள். நாள் தள்ளியிருந்தால், டாக்டரிடம் பேசும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். வெறுமனே நிறுத்திவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தால் மேலே சொன்ன கடும் தாக்குதல் அந்த இடைவெளியில் வரக்கூடும். அதனால்தான் குழந்தை வேண்டுபவர்களை நாங்கள் முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்றுகிறோம். கிளாட்டிராமர், இன்டர்ஃபெரான் ஊசிகள் கர்ப்ப காலத்துக்கு ஒத்துப்போகின்றன. ரிட்டுக்ஸிமாப் ஏற்றி, சில மாத இடைவெளி விட்டுக் கருத்தரிப்பதும் ஒரு வழி. என்னைக் கேட்டால், மாத்திரை ஏற்கெனவே விட்டுப்போன இந்த நேரத்தில் அதையே ஆறு மணி நேரக் கண்காணிப்போடு மறுபடி தொடங்குவதா, குழந்தையை மனதில் வைத்து இப்போதே வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை ஒரே பேச்சில் முடிவுசெய்துவிடுவது நல்லது. உங்கள் ஸ்கேன்களைப் பார்க்காமல் இரண்டில் ஒன்றை நான் சொல்ல மாட்டேன்.

கர்ப்பம் நோயைக் கிளப்பிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் 12 நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் கூடின. ஆக, நீங்கள் பிறந்தகம் போய் உட்கார வேண்டியதும் அம்மா துணை வேண்டியதும் பிரசவத்துக்குப் பின் வரும் அந்த மூன்று மாதத்துக்கு. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சுகப்பிரசவம் ஆகும், சிசேரியன் தேவைப்பட்டால் முதுகில் ஊசி போடலாம், தாய்ப்பால் கொடுக்கலாம், எந்த மருந்தோடு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு வருமா என்றால், தாய்க்கு இருந்தால் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் வரலாம். மீதி 98 பேருக்கு வராது.

கணவருக்கு

இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, உங்கள் மனைவியின் களைப்பு நைட் ஷிப்ட் முடித்து வரும் உங்கள் களைப்பு போன்றதில்லை. தூங்கினால் உங்களுடையது போய்விடும். அரிபட்ட நரம்பு வழியே அதே வேலையைச் செய்ய மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இந்த நோயில் மிகப் பலருக்கு இருக்கும் தொந்தரவு இது, வெளியே தெரிவதில்லை. காலையில் துணி துவைத்து, டிபன் கட்டி, பஸ் பிடித்து, நின்றுகொண்டே ஐந்து பீரியட் எடுத்துவிட்டு வருபவர் சாயங்காலம் படுத்தால் அது சோம்பேறித்தனம் ஆகாது. கனமான வேலைகள் காலை வெயில் ஏறுவதற்கு முன் முடியட்டும், அதில் பாதி உங்கள் கையால் முடியட்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

சகோதரி, உங்களுக்கும் ஒன்று: எல்லாக் களைப்பையும் எம்.எஸ். தலையில் கட்டிவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பாருங்கள். மனச்சோர்வும் இந்த நோயில் சாதாரணம், அதற்கும் மருந்து உண்டு. படுத்தே இருந்தால் களைப்பு கூடும். வெயிலுக்கு முன் அரை மணி நேர நடை களைப்பைக் குறைக்கிறது. சக்கர நாற்காலியைக் கனவில் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இருப்பது வந்து வந்து போகும் வகை. மருந்தை விடாமல் எடுக்கும் இந்த வகையினர் பெரும்பாலோர் பல வருடங்கள் தம் காலிலேயே நடந்து வேலைக்குப் போகிறார்கள்.

பள்ளிக்கும் அரசாங்கத்துக்கும்

நோயின் பெயரை நிர்வாகத்திடம் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் தலைமை ஆசிரியை எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெயர் சொல்லாமலே, "நரம்புப் பிரச்சினைக்குச் சிகிச்சையில் இருக்கிறார், தரைத்தள வகுப்பும் மதிய வெயிலில் மைதான வேலையிலிருந்து விலக்கும் தேவை" என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். பெரும்பாலும் அது போதும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் எம்.எஸ். இருக்கிறது. அரசுத் தாள்களில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதியிருப்பார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விசாரிக்கலாம். சலுகைகள் பலவற்றுக்குப் பாதிப்பு 40 சதவீதம் இருக்க வேண்டும். இன்றைய நிலையில் மருத்துவக் குழு உங்களுக்கு அவ்வளவு போடாது என்றே நினைக்கிறேன். அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டீராய்டு ஏற்றிய தேதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசைப்படி வையுங்கள். இந்த வாரம் டாக்டரிடம் பேசும்போதும் அந்த ஃபைல் கையில் இருக்கட்டும். எந்தத் தேதியில் கடைசி மாத்திரை போட்டீர்கள் என்றுதான் அவர் முதலில் கேட்பார்.